தொறு மீட்டுப் பட்டான் கல்: தகடூர்ப் பக்கம் நான்கு நாள்

முதல் நாள், தை 4

பொங்கலுக்குப் போனவர்கள் திரும்பும் கூட்டம் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்ததால் கோவையில் ஏறியதுமே ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சேலத்தில் வண்டி மாறினேன். தொப்பூர்க் கணவாய் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. எதிரே லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமிக்கொண்டு மெதுவாக இறங்கின. கணவாய் தாண்டியதும் மண் சிவந்து, சாலையோரமெல்லாம் புளியமரம். காய் முற்றித் தொங்குகிறது.

ஊருக்குள் போகும் என்று சொல்லித்தான் ஏற்றினார்கள். தருமபுரி வந்ததும் பைபாஸில் இறக்கிவிட்டு வண்டி பெங்களூருக்குப் பறந்துவிட்டது. இரண்டு பையோடு பாலத்தடியில் அரை மணி நேரம் நின்றேன். தோழி ஸ்கூட்டரில் வந்து, "பஸ் ஸ்டாண்டுக்குள்ள வருமான்னு ரெண்டு தடவ கேளுன்னு சொன்னேனே" என்றபடி பெரிய பையை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

இவளும் நானும் கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. இப்போது இவள் அரசுப் பள்ளியில் தமிழாசிரியை. மற்ற பெண்கள் எல்லாம் தங்கள் ஊர்க் கோபுரத்தையும் கடற்கரையையும் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், "எங்க ஊர்ல கோபுரம் எல்லாம் பெருசா கிடையாது, கல்லுதான் இருக்கு. ஆனா வந்து பாரு" என்பாள். வந்து பார்க்க இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

சாயங்காலம் கோட்டைக் கோயிலுக்குப் போனோம். தருமபுரியின் பழைய பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சியின் ஊர். இன்று கோட்டை என்பது அந்தப் பகுதியின் பெயராக மட்டும் இருக்கிறது, சுவர் எதுவும் என் கண்ணில் படவில்லை. இங்கே 9-ஆம் நூற்றாண்டில் நுளம்பர்கள் ஆண்டார்கள். மல்லிகார்ஜுனர் கோயில் அவர்கள் காலத்தது. தொங்கும் தூண் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தூணின் அடிக்கும் தரைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி. நான் கையில் வைத்திருந்த சேலம் பஸ் டிக்கெட்டை வாங்கி, தோழி இந்தப் பக்கம் செருகி அந்தப் பக்கம் இழுத்தாள். சலசலவென்று வெளியே வந்தது. நான் குனிந்து, கன்னம் தரையில் பட ஒருமுறை பார்த்தேன். மறுபக்கத்து விளக்கின் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது. மேலே கல் உத்திரம் இத்தனை நூற்றாண்டாக அப்படியே கிடக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்தது தூண் அல்ல, காமாட்சியம்மன் சன்னதி. உயரமான மேடை மேல் அம்மன். அந்த மேடையின் அடிப்பகுதியில் உள்ளங்கை அளவுக் கட்டம் கட்டமாக இராமாயணச் சிற்பங்கள். நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது, உட்கார வேண்டும். உட்கார்ந்து, தரையோடு தவழ்ந்துதான் போக வேண்டும். வானரங்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு வில்லின் வளைவு என் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், அதிலும் நாண் தெரிகிறது. பாவாடை கட்டிய ஒரு சின்னப் பெண் வந்து, "அக்கா, என்ன தேடுறீங்க?" என்றாள். கதை பார்க்கிறோம் என்றதும் அவளும் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் கதை தெரிந்திருந்தது. எந்தக் கட்டத்தில் எது என்பதில் அவளுக்கும் தோழிக்கும் கொஞ்சம் வாக்குவாதம்.

இரவு வீட்டில் தோழியின் மாமியார் அவரைக்கொட்டையை ஊறவைத்திருந்தார். பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு. ஊறிய கொட்டையை இரு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். மூன்று பேரும் திண்ணையில் உட்கார்ந்து பிதுக்கினோம். களியோடு சாப்பிட்டோம். இந்தப் பருவத்தில் இந்தப் பக்கம் வந்தால் இதைச் சாப்பிடாமல் போகாதீர்கள்.

இரண்டாம் நாள், தை 5

இன்று முழுக்க நடுகல். இதற்காகத்தான் வந்தேன் என்றே சொல்லலாம்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் நடுகற்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அரசன் கோயில் கட்டியது, தானம் கொடுத்தது என்றுதான் பெரும்பாலான கல்வெட்டுகள் பேசும். நடுகல் அப்படி இல்லை. ஒரு ஊரில் மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டு மாட்டை மீட்டு, அந்தச் சண்டையிலேயே செத்துப்போன ஒருவனுக்கு அவன் ஊர்க்காரர்கள் நட்ட கல். புலியோடு போராடிச் செத்தவனுக்கும் உண்டு. அவன் பெயர், அவன் யாருடைய ஆள், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்தச் சண்டை எல்லாம் நாலைந்து வரியில் முடிந்துவிடும்.

முதல் கல்லின் முன்னால் போய் நின்றபோது எனக்கு எழுத்தே தெரியவில்லை. கல்லின் சொரசொரப்பு என்று நினைத்தேன். தோழி செல்போன் விளக்கைப் போட்டு, நேராகக் காட்டாமல், கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. வட்டெழுத்து, தமிழின் பழைய எழுத்து வடிவம். வளைவும் சுழிவுமாக. அவள் விரலைக் கல்லில் படாமல் காற்றில் ஓட்டிக்கொண்டே வாசித்துக் காட்டினாள். பாதிதான் அவளாலும் முடிந்தது. ஆனால் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் சீக்கிரமே எனக்கும் பழகிவிட்டன. தொறு என்றால் மாட்டு மந்தை. 'தொறுக் கொண்ட' என்றால் மந்தையைக் கவர்ந்த. 'தொறு மீட்டுப் பட்டான் கல்' என்றால் மந்தையை மீட்டு இறந்தவனின் கல்.

"பட்டான்னா செத்தான்னு சொன்னா எங்க பசங்களுக்குப் புரியாது. பட்டுப்போன மரம்னு சொல்றோமே, அந்தப் பட்டுதான்னு சொன்னதும் புரிஞ்சிடும்" என்றாள். எனக்கும் அப்போதுதான் புரிந்தது. நாம் மரத்துக்கு மட்டும் மிச்சம் வைத்திருக்கும் சொல்லை அவர்கள் மனிதனுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

உருவங்களை நிதானமாகப் பார்த்தேன். இடது கையில் வில், வலது கையில் வாள். சில கற்களில் உடம்பில் அம்பு தைத்திருக்கிறது. செதுக்கியவர் அம்பை மறைக்கவில்லை. தொடையிலும் மார்பிலும் குத்திட்டு நிற்கிறது. காலடியில் மூக்கு வைத்த கெண்டியும் சிமிழும் இருக்கும், அவனுக்கு வைத்த படையல். சிலவற்றில் ஒரு மாடு. மாட்டின் முகம் அவனைப் பார்த்துத் திரும்பியிருக்கிற மாதிரி ஒரு கல்லில் எனக்குத் தோன்றியது.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் ஒரு நடுகல் உண்டு, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலம். கோவிவன் என்ற நாய் கள்ளரைக் கடித்து எஜமானனுக்குக் காவல் நின்றதை அதில் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். அதைத் தோழி சொன்னபோது நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1400 வருடம் ஆகப்போகிறது. நாயின் பெயர் இருக்கிறது.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, நாள் குறித்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தது. எதற்காக இந்தப் பட்டியல் என்று அன்று யோசித்ததே இல்லை.

மதியம் அதியமான்கோட்டை. சேலம் போகும் சாலையில் கொஞ்ச தூரம்தான். காலபைரவர் கோயிலைத் தாண்டித்தான் போனோம். தேய்பிறை அஷ்டமிக்கு அங்கே சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வரும் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது, இன்று காலியாக இருந்தது. நாங்கள் தேடிப் போனது சென்றாயப் பெருமாள் கோயில். மண்டபத்து விதானத்தில் பழைய ஓவியங்கள், இராமாயண பாரதக் காட்சிகள். காவிச் சிவப்பும் மஞ்சளும் கருப்புக் கோடும். பல இடம் உதிர்ந்துவிட்டது. கழுத்து வலிக்கிறது என்று தோழி மண்டபத்தில் மல்லாந்து படுத்துவிட்டாள், நானும் படுத்தேன். படுத்துப் பார்த்தால்தான் முகங்கள் நேராகத் தெரிகின்றன. பக்கவாட்டு முகத்தில் ஒரே ஒரு பெரிய கண். அந்தக் கண் உதிராமல் இருக்கும் இடங்களில் எல்லாம் ஓவியம் உயிரோடு இருக்கிறது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தபோது பேச்சு ஔவையிடம் போனது. நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும். அதியமான் இறந்த பிறகு ஔவை பாடிய பாட்டு ஒன்று புறநானூற்றில் இருக்கிறது. நடுகல்லுக்கு மயில்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் ஊற்றுகிறார்களே, அதை இவன் வாங்கிக்கொள்வானா, சிகரம் உயர்ந்த மலையோடு நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் ஆயிற்றே என்று கேட்கிறாள். காலையில் கெண்டியையும் சிமிழையும் கல்லில் பார்த்துவிட்டு வந்து, அதே மண்ணில் உட்கார்ந்து இதைக் கேட்டால் தொண்டை அடைக்கிறது. பாட்டு முழுவதையும் தோழி மனப்பாடமாகச் சொன்னாள். வகுப்பில் சொல்லும் குரல் இல்லை அது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதியமான் என்பவன் பாட்டில் மட்டும் இருப்பவன் என்று முன்பு பேசியவர்கள் உண்டு. திருக்கோவலூர்ப் பக்கம் ஜம்பையில் 1981-இல் தமிழி என்னும் மிகப் பழைய தமிழ் எழுத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி' என்று அதில் இருக்கிறது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த குகை உறைவிடம் என்று பொருள். அசோகனின் கல்வெட்டில் வரும் சத்தியபுத்திரர் யார் என்ற நெடுநாள் கேள்விக்கும் அது பதிலாயிற்று. ஔவையின் நண்பன் கல்லிலும் இருக்கிறான்.

மூன்றாம் நாள், தை 6

இன்று கிருஷ்ணகிரி மாவட்டம். இது தனி மாவட்டமானது 2004-இல், அதற்கு முன் எல்லாம் ஒரே தருமபுரி மாவட்டம்தான். தோழியின் சித்தப்பா மகன் கார் எடுத்துக்கொண்டு வந்தான். பாலக்கோடு, மாரண்டஹள்ளி வழியாக ராயக்கோட்டை. வழியெல்லாம் பனி. தக்காளித் தோட்டங்களில் குச்சி நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ராயக்கோட்டைத் தக்காளிச் சந்தை பெரியது.

ராயக்கோட்டை மலைக்கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. படிக்கட்டு கொஞ்ச தூரம், அப்புறம் பாறை. ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்தோம், வெயிலுக்கு முன் மேலே போய்விட வேண்டும். தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள், மேலே சுனைகள் உண்டு, ஆனால் குடிக்கும்படி இல்லை. மதில் பாறையின் வளைவோடு வளைந்து போகிறது. எங்கே பாறை முடிந்து சுவர் தொடங்குகிறது என்று சில இடங்களில் கண்டுபிடிக்க முடியவில்லை.

பாராமகால் என்று சொல்வார்களே, பன்னிரண்டு கோட்டைகளின் நாடு, அதுதான் இது. ஹைதரும் திப்புவும் வைத்திருந்தது. 1791 ஜூலையில் ஆங்கிலேய மேஜர் கௌடியின் படை இந்தக் கோட்டையைப் பிடித்தது. அதே ஆண்டு நவம்பரில் மேக்ஸ்வெல் கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கி, முடியாமல் திரும்பினார். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போயிற்று. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கே நிலம் அளந்து, விவசாயியிடம் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைத் தொடங்கினார்கள். மேலே நின்று பார்க்கும்போது அந்த வயல்கள்தான் சதுரம் சதுரமாகக் கீழே கிடக்கின்றன. ரயில் ஒன்று பொம்மை போலப் போயிற்று.

கோட்டை நல்ல கோட்டைதான். காற்று அபாரம். இருந்தாலும் நேற்றுப் பார்த்த கற்கள் மனதில் இருந்ததால், பீரங்கியும் உடன்படிக்கையும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை.

இட்லி சாப்பிட்டுவிட்டு மல்லச்சந்திரம் போனோம். சூளகிரிப் பக்கம். ஊரில் வழி கேட்டால் பாதித் தெலுங்கில் பதில் வருகிறது. எங்களோடு வழிகாட்ட ஒரு பெரியவர் தானாகவே நடந்து வந்தார். மலைமேல் ஏறினால் பாறைத் தளம் விரிந்து கிடக்கிறது, அதன்மேல் வீடு வீடாகக் கற்திட்டைகள். எண்ண ஆரம்பித்தேன், நாற்பதுக்கு மேல் எந்தத் திட்டையை எண்ணினோம் என்பது குழம்பிவிட்டது.

இவை இறந்தவர்களுக்காக எழுப்பியவை. இரும்புக்காலத்தவை. நாலு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு பெரிய மூடுகல், முன்பக்கப் பலகையில் வட்டமாக ஒரு துளை. இடுதுளை என்று தொல்லியலில் சொல்கிறார்கள். சுற்றிலும் பலகைக் கற்களை வட்டமாக நட்டிருக்கிறார்கள். சுண்ணாம்பு கிடையாது, பிணைப்பு கிடையாது. ஒரு பலகையின் ஓரம் அடுத்த பலகையை முட்டித் தாங்க, அது அதற்கடுத்ததைத் தாங்க, நாலும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கின்றன. மேலே இருக்கும் பாரமே கீழே இருப்பவற்றை விழாமல் வைத்திருக்கிறது.

பலகைகள் இவ்வளவு சீராக எப்படிக் கிடைத்தன என்று பெரியவரிடம் கேட்டேன். அவர் காலால் பாறையைத் தட்டிக் காட்டினார். "இந்தப் பாறை அடுக்கு அடுக்கா இருக்கும்மா. மேல நெருப்புப் போட்டா தகடு மாதிரி பேந்துக்கும். எங்கப்பா அப்படித்தான் கல்லு எடுத்தாரு." அவர் தட்டிய இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது போல ஓசை கேட்டது. கொஞ்ச தூரத்தில் அதே பாறையிலிருந்து பெயர்த்த பள்ளம் ஒன்றையும் காட்டினார். அது அவர் அப்பா காலத்ததா, திட்டை கட்டியவர்கள் காலத்ததா என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒரு திட்டையின் துளை வழியே தலையை மட்டும் உள்ளே நீட்டினேன். வெளியே வெயில் சுடுகிறது, உள்ளே பானைக்குள் இருப்பது போலக் குளிர்ச்சி. கண் பழகக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு உட்சுவரில் வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. ஓவியங்கள். மனித உருவங்கள், கையைத் தூக்கிக்கொண்டு. விரலால் தொட்டு இழுத்தது போன்ற பருமன் கோட்டுக்கு. மழையும் வெயிலும் படாமல் இருட்டுக்குள் அவர்கள் பாட்டுக்கு இருக்கிறார்கள். தோழி என் முதுகைத் தட்டி "எனக்கும் விடுடி" என்ற பிறகுதான் தலையை வெளியே எடுத்தேன்.

அடுத்த திட்டையில் பெயிண்டால் இரண்டு பெயரும் ஒரு இதயமும் எழுதியிருந்தது. அதற்கடுத்ததன் மூடுகல்லைப் புதையல் இருக்கும் என்று யாரோ புரட்டித் தள்ளிப் பலகைகள் சரிந்து கிடந்தன. ஒன்றையொன்று தாங்கி நின்றவை, ஒன்று போனதும் எல்லாம் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. புதையல் எதுவும் இருக்காது. தயவுசெய்து போகிறவர்கள் மேலே ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். குழந்தைகளை அழைத்துப்போனால் முதலில் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

பெரியவர் பணம் வாங்கவில்லை. "பாண்டவங்க தங்குன வீடு, பாத்துட்டுப் போங்க, அவ்வளவுதான்" என்றார். தோழி அவரைத் திருத்தவில்லை. "திருத்தி என்ன ஆகப்போவுது? பாண்டவங்க வீடுன்னு நெனைக்கிறதாலதான் இந்த ஊர்க்காரங்க இடிக்கல" என்று இறங்கும்போது சொன்னாள். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

நான்காம் நாள், தை 7

ஒகேனக்கல் போகவில்லையா என்று நேற்றைய பதிவைப் பார்த்துவிட்டு மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். போகவில்லை. அருவியும் பரிசலும் மீன் வறுவலும் இன்னொரு பயணத்துக்கு இருக்கட்டும்.

காலையில் பர்கூர் வட்டம் மயிலாடும்பாறை. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அங்கே கண்ணுக்குப் பெரிதாக எதுவும் இல்லை. குன்று, புதர், கல்வட்டங்கள். தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே அகழாய்வு செய்து எடுத்த மாதிரிகளின் காலம் கி.மு. 2172 என்று வந்தது. 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதல்வர் அதை அறிவித்தபோது தமிழ்நாட்டில் இரும்புக்கு 4200 வயது என்று எல்லாப் பத்திரிகையிலும் வந்தது நினைவிருக்கும். 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளையிலிருந்து கி.மு. 3345 என்ற இன்னும் பழைய காலக்கணக்கை வெளியிட்டார்கள். இருந்தாலும் முதலில் நம் எல்லோரையும் நிமிர்ந்து உட்காரவைத்தது இந்தக் குன்று. புதர் நடுவே பத்து நிமிடம் சும்மா நின்றோம். ஆடு மேய்க்கும் ஒரு அம்மா எதற்கு நிற்கிறோம் என்று கேட்டுவிட்டு, தொலைந்துபோன எதையோ தேடுகிறோம் என்று நினைத்துத் தானும் தரையைப் பார்க்க ஆரம்பித்தார்.

திரும்பும் வழியில் ஒரு ஊரில் எருது விடும் விழா. சாலையை மறித்துவிட்டார்கள், ஒரு மணி நேரம் நகர முடியவில்லை. கொம்பில் தட்டி கட்டி, துணியும் பலூனுமாக அலங்கரித்த காளைகள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடுகின்றன, இளைஞர்கள் தட்டியைப் பறிக்கப் பாய்கிறார்கள். ஒரு காளை திமிறி வந்து எங்கள் காரை உரசிக்கொண்டு போயிற்று. அதன் பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த பையன், "ஒண்ணும் பண்ணாதுங்க, பயந்திருக்கு, ஹாரன் அடிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். அவன் முழங்காலில் ரத்தம். அவன் அதைப் பார்க்கவே இல்லை.

சாப்பாட்டுக்குத் தோழியின் அம்மா வீடு, காவேரிப்பட்டணம் பக்கத்தில். மாந்தோப்பு. பூ பிடித்திருக்கிறது, தோப்புக்குள் நுழையும்போதே அந்த வாசனை. பெங்களூராவும் செந்தூராவும் மல்கோவாவும் எந்த மரம் எது என்று அம்மா ஒவ்வொன்றாகத் தட்டிக் காட்டிக்கொண்டே நடந்தார். சாப்பிடப் போகலாமா என்றால், "மொதல்ல அங்க வெச்சுட்டு வந்துடலாம்" என்று தூக்குப்போசியை எடுத்துக்கொண்டார்.

எங்கே என்று கேட்டேன். "வேடியப்பனுக்கு."

இந்தப் பக்கம் வேடியப்பன் கோயில் இல்லாத ஊர் குறைவு. வேடி, வேடியப்பன் என்று பெயர் வைத்த குடும்பங்கள் எத்தனையோ. தோழியின் தாத்தா பெயரே அதுதான். தோப்பின் ஓரம், கிணற்றுக்குப் பக்கத்தில், வேப்பமரத்தடியில் ஒரு கல் நின்றது. என் இடுப்பு உயரம். மேல்முனை உடைந்திருக்கிறது. எண்ணெய் ஏறிக் கறுத்துப்போயிருக்கிறது.

நான் குனிந்தேன். இடது கையில் வில். வலது கையில் வாள். எழுத்து எதுவும் இல்லை, அல்லது எண்ணெய்க்கு அடியில் இருக்கிறது. கால் மாட்டில் ஒரு மாடு, மூக்கு தேய்ந்துவிட்டது.

தோழியைப் பார்த்தேன். "சொல்லியிருந்தா நீ முதல் நாளே இங்க வந்து உக்காந்திருப்ப" என்றாள். சின்ன வயதில் இந்தக் கல்லின் மேல் சாய்ந்துகொண்டுதான் பாடம் படித்தாளாம். நடுகல் என்ற சொல்லைக் கல்லூரியில் முதன்முதலாகக் கேட்டபோது அது இந்தக் கல்தான் என்று அவளுக்கும் தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்து, அகழ்வைப்பகத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போன அன்று, வில்லைப் பார்த்ததும் சட்டென்று இது நினைவுக்கு வந்து, அன்று மாலையே பஸ் பிடித்து வந்து அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினாளாம்.

"யாரும்மா இது?" என்றேன்.

"பேரு தெரியாது கண்ணு. மாட்டுக்காகச் செத்தவருன்னு எங்க மாமனாரு சொல்லுவாரு. வேடியப்பான்னு கூப்புடுறோம்."

அம்மா கிணற்றிலிருந்து ஒரு குடம் தண்ணீர் சேந்தி வந்து கல்லின் உச்சியில் ஊற்றினார். தண்ணீர் வில்லின் வளைவில் ஓடி, கை வழியாக இறங்கியது. மஞ்சளை உள்ளங்கையில் குழைத்து நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் தடவினார். தூக்குப்போசியைத் திறந்து வாழையிலையில் ஒரு களி உருண்டை வைத்தார். பக்கத்தில் ஒரு சின்னக் கிண்ணத்தில் பிதுக்கம்பருப்புக் குழம்பு. நானும் தோழியும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். இருவரும் ஒன்றும் பேசவில்லை.

குடத்தில் கொஞ்சம் தண்ணீர் மிச்சம் இருந்தது. அம்மா அதை என் கையில் கொடுத்தார்.

"அந்த மாட்டு மேலயும் ஊத்து கண்ணு. அதுக்காகத்தானே செத்தாரு."

ஊற்றினேன்.